மாவுக்கட்டுக்குச் சிரிக்காதீர்கள்

அந்தப் படம் உங்கள் செல்போனுக்கும் வந்திருக்கும். கையிலோ காலிலோ புதிதாகப் போட்ட மாவுக்கட்டு, இரண்டு பக்கமும் போலீஸ்காரர்கள், நடுவில் தலைகுனிந்த ஒரு பையன். ‘தப்பி ஓடும்போது வழுக்கி விழுந்தார்’ என்று செய்தி சொல்லும். இல்லையென்றால் ஸ்டேஷன் கழிப்பறையில் வழுக்கியிருப்பார். தமிழ்நாட்டில் வேறெந்தக் கட்டடத்தின் கழிப்பறையும் இவ்வளவு வழுக்குவதில்லை. படத்துக்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். பரமக்குடி டீக்கடையில் சிரிக்கிறார்கள், தங்கச்சிமடத்தில் வலை பின்னுகிற இடத்தில் சிரிக்கிறார்கள், கீழக்கரையில் தொழுகை முடிந்து வருகிறவரும் படத்தைப் பார்த்துவிட்டு அடுத்தவருக்கு அனுப்புகிறார். சாதி, மதம், கட்சி என்று நூறாகப் பிரிந்து கிடக்கும் இந்த ராமநாதபுரம் மாவட்டம் ஒன்றுசேர்ந்து சிரிக்கும் இடம் இதுதான்.

அந்தச் சிரிப்பை இன்றோடு நிறுத்துங்கள். போலீஸ் தப்புச் செய்தால் நமக்குள்ள தண்டனை அவர்களுக்கும் உண்டா என்று பின்னால் ஒருநாள் கேட்கப் போகிறீர்கள். அப்படிக் கேட்கும் தகுதியை இந்தச் சிரிப்பிலேயே கரைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அந்தப் பையன் திருடியிருக்கலாம், செயின் பறித்திருக்கலாம், அரிவாளோடு திரிந்திருக்கலாம். அதற்குச் சட்டத்தில் சிறை இருக்கிறது. எலும்பை உடைப்பது என்ற தண்டனை எந்தச் சட்டத்திலும் இல்லை. கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதிய நீதிபதிகூட, ‘இவன் வலது கையை முறியுங்கள்’ என்று எழுத முடியாது. நீதிபதிக்கே இல்லாத அதிகாரத்தை ஸ்டேஷன் எழுத்தருக்கும் தனிப்படைக்காரருக்கும் கொடுத்தது யார்? சட்டசபை கொடுக்கவில்லை, நாடாளுமன்றம் கொடுக்கவில்லை. பொம்மை போட்டுச் சிரித்த நாம் கொடுத்தோம்.

சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். காக்கிச் சட்டைக்கென்று அதில் சலுகை விலை கிடையாது. கொலை என்றால் யார் செய்தாலும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 103-வது பிரிவு, ஆயுளோ தூக்கோ. ஒப்புக்கொள்ளச் சொல்லி அடித்துக் காயப்படுத்தினால் 120-வது பிரிவு, ஏழு ஆண்டுவரை சிறை. கொடுங்காயம் என்றால் பத்து ஆண்டுவரை. பழைய தண்டனைச் சட்டத்திலும் 330, 331 என்ற எண்களில் இதே குற்றங்கள் இருந்தன. விசாரணை என்ற பெயரில் அடிப்பவர் போலீசாக இருக்கக்கூடும் என்பது அந்தச் சட்டத்தை எழுதிய வெள்ளைக்காரனுக்கே தெரிந்திருந்தது. ஆக, தண்டனை ஒன்றுதான். அதற்குப் போகும் பாதை மட்டும் இரண்டாகப் பிரிகிறது.

உங்கள் தெருவில் ஒருவர் இன்னொருவரை அடித்துக் கொன்றால் அன்றைக்கே எஃப்.ஐ.ஆர்., அன்றைக்கே கைது, தொண்ணூறு நாளில் குற்றப்பத்திரிகை. ஸ்டேஷனில் ஒருவர் செத்தால் முதலில் ‘நெஞ்சுவலி’ என்று ஒரு செய்தி வரும். ஜனம் ரோட்டில் உட்கார்ந்தால் ஆயுதப்படைக்கு மாற்றம். இன்னும் கூட்டம் கூடினால் சஸ்பெண்டு. அதற்குப் பிறகு ஆர்.டி.ஓ. விசாரணை, ஆணையம், நிவாரணத் தொகை, குடும்பத்தில் ஒருவருக்கு வேலை. கொலை வழக்கு என்ற சொல் கடைசியில்தான் வரும். பல சாவுகளில் அது வருவதே இல்லை. குறிப்பிட்ட பதவிகளில் இருப்பவர்கள் பணியின் பேரில் செய்ததென்றால், வழக்கு நடத்த அரசின் முன்அனுமதியும் வேண்டும். 120 நாளில் அரசு முடிவு சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கொள்ளலாம் என்று புதிய நடைமுறைச் சட்டத்தின் 218-வது பிரிவு சொல்கிறது. அதுவே பெரிய முன்னேற்றம் என்று நாம் மகிழ வேண்டிய நிலை.

இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. உங்கள் மண்ணிலேயே இதற்கு இரண்டு சாட்சிகள் இருக்கின்றன. ஆனால் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்து வைத்திருக்கிறீர்கள்.

1957 செப்டம்பர் 11-ல் பரமக்குடியில் ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர் இம்மானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். மூன்றாம் நாள், செப்டம்பர் 14-ல், முதுகுளத்தூர் பக்கம் கீழத்தூவலில் ஐந்து பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. கூட்டம் தாக்க வந்தது, சுட்டோம் என்றது போலீஸ். பிடித்துக் கொண்டுபோய்க் கண்ணைக் கட்டிச் சுட்டார்கள் என்றது ஊர். வருவாய் வாரிய உறுப்பினர் வெங்கடேஸ்வரன் விசாரித்தார். போலீஸ் செய்தது சரி என்ற முடிவோடு அந்த விசாரணை முடிந்தது.

2011 செப்டம்பர் 11. அதே பரமக்குடி, அதே இம்மானுவேல் சேகரனின் நினைவு நாள். தமிழக மக்கள் முன்னேற்றக் கழகத் தலைவர் ஜான் பாண்டியனைத் தடுத்து வைத்ததற்காக ஐந்துமுனைச் சாலையில் மறியல். போலீஸ் சுட்டது, அடித்தது. ஆறு பேர் உயிர் போனது. ஓய்வுபெற்ற நீதிபதி சம்பத் ஆணையம் விசாரித்தது. துப்பாக்கிச் சூடு தவிர்க்க முடியாதது என்று 2013-ல் அறிக்கை வந்தது.

முதல் சம்பவத்தில் செத்தவர்கள் ஒரு சமூகம், இரண்டாவதில் செத்தவர்கள் இன்னொரு சமூகம். இடையில் 54 ஆண்டு. முதல்வர்கள் மாறினார்கள், ஆளும் கட்சி மாறியது, துப்பாக்கியின் ரகமும் மாறியது. விசாரணையின் முடிவு மட்டும் மாறவில்லை. கீழத்தூவலுக்கு அழுகிறவர் பரமக்குடிக்கு அழுவதில்லை. பரமக்குடிக்கு அழுகிறவருக்குக் கீழத்தூவல் என்றால் முகம் சுருங்குகிறது. ‘அவனுகளுக்கு வேணும்’ என்ற பேச்சு இரண்டு பக்கமும் நடமாடியது. பெரியவர்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

நான் கடுமையாகவே சொல்கிறேன்: சுட்டவரைக் காப்பாற்றியது அரசாங்கம் மட்டுமில்லை, ‘அவனுகளுக்கு வேணும்’ என்ற அந்த வார்த்தையும்தான். எந்தத் துப்பாக்கிச் சூட்டுக்கும் பாதி ஜனத்தின் சம்மதம் முன்கூட்டியே கிடைத்துவிடும் மாவட்டத்தில், எந்த அதிகாரி எதற்குக் கோர்ட்டுக்குப் பயப்படப் போகிறார்? செப்டம்பர் 11 நினைவு நாளுக்கும் அக்டோபர் 30 தேவர் குருபூஜைக்கும் ஆயிரக்கணக்கில் போலீஸ் வந்து இறங்குகிறது. தடையுத்தரவு போடப்படுகிறது. அந்தத் துப்பாக்கிகளுக்கு உங்கள் சாதி தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? நன்றாகத் தெரியும். இந்தச் சாதிக்காரனைச் சுட்டால் அந்தச் சாதிக்காரன் பேச மாட்டான் என்பதும் தெரியும். கீழத்தூவலுக்கு நினைவஞ்சலி செலுத்தும் ஒருவர் பரமக்குடி ஆறு பேருக்கும் நியாயம் கேட்டால், பரமக்குடிக்காரர் ஒருவர் கீழத்தூவல் ஐந்து பேருக்கும் கேட்டால், அன்றைக்குத்தான் மாவட்டக் காவல் அலுவலகத்தில் யாராவது நிமிர்ந்து உட்காருவார்கள்.

கடற்கரைக்காரர்களே, உங்களிடம் தனியாக ஒன்று கேட்க வேண்டும். 2017 மார்ச்சில், கடலுக்குப் போன தங்கச்சிமடம் இளைஞர் ஒருவர் குண்டு பாய்ந்து செத்தார். இலங்கைக் கடற்படைதான் சுட்டது என்றீர்கள். நாங்கள் சுடவில்லை என்றது அந்தக் கடற்படை. உடலை வாங்க மாட்டோம் என்று நாள் கணக்கில் பந்தலில் உட்கார்ந்தீர்கள். நிவாரணம் கேட்டு மட்டும் நீங்கள் உட்காரவில்லை. சுட்டவனைக் கைது செய், கொலை வழக்குப் போடு, கூண்டில் ஏற்று என்று கேட்டீர்கள். சீருடை போட்டிருந்தாலும் கொலை கொலைதான் என்று அன்றைக்குத் தங்கச்சிமடம் உலகத்துக்கே சொன்னது. ராமேசுவரத்திலிருந்து தலைநகர்வரை யாரும் அதைத் தப்பென்று சொல்லவில்லை. அந்தக் கேள்வியை அயல்நாட்டுச் சீருடையிடம் கேட்கத் தெரிந்த நாம், நம் ஊர் ஸ்டேஷன் வாசலில் ஏன் குரலைத் தாழ்த்துகிறோம்? ‘நாளைக்கு டோக்கன் வாங்கணும், படகு மேல கேஸ் போட்டுருவாங்க’ என்ற பயம் எனக்குப் புரிகிறது. பயப்படுங்கள், தப்பில்லை. பயத்துக்கு ‘அவன் யோக்கியனா’ என்று நியாயம் கற்பிக்காதீர்கள்.

இன்னொன்றும் மனதில் உறுத்துகிறது. வலையில் ஏறிய கடல் அட்டையை வைத்திருந்தால் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குறைந்தது மூன்று ஆண்டு, அதிகம் ஏழு ஆண்டு. வேதாளையிலும் மண்டபத்திலும் அதற்காக உள்ளே போனவர்களை உங்களுக்குத் தெரியும். மன்னார் வளைகுடாவின் அந்தப் பக்கம் அதே கடல் அட்டையை உரிமம் வாங்கிப் பிடிக்கலாம். ஆனால் இலங்கையில் காவலில் சித்திரவதை செய்தால் 1994-ஆம் ஆண்டின் 22-ஆம் இலக்கச் சட்டப்படி குறைந்தது ஏழு ஆண்டு சிறை. அதிகம் பத்து. நம் நாட்டில் அப்படியொரு தனிச் சட்டம் இன்றுவரை இல்லை. ஐ.நா.வின் சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் இந்தியா 1997-ல் கையெழுத்துப் போட்டது, இன்னும் அதை ஏற்று உறுதி செய்யவில்லை. 2010-ல் மக்களவை ஒரு மசோதாவை நிறைவேற்றியது, அதுவும் காலாவதியாகிப் போனது. அந்தச் சட்டத்தால் இலங்கை போலீஸ் திருந்திவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே தண்டனை பெற்றவர்கள் கொஞ்சம்தான், தமிழர்களுக்கு அது நன்றாகத் தெரியும். ஆனாலும் எழுத்திலாவது குற்றம் குற்றம் என்று இருக்கிறது. கடல் அட்டைக்குக் காட்டும் கரிசனத்தை, ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மனிதனுக்கும் இந்த நாடு காட்டட்டும் என்றுதான் கேட்கிறேன்.

1985-லேயே சட்ட ஆணையம் தன் 113-வது அறிக்கையில் ஒரு எளிய வழி சொன்னது. காவலில் இருந்தவருக்குக் காயம் என்றால், அந்தக் காயத்தைக் காவலில் வைத்திருந்த போலீஸ்தான் ஏற்படுத்தியது என்று நீதிமன்றம் கருதிக்கொள்ளலாம், அப்படியில்லை என்றால் போலீஸ் நிரூபிக்கட்டும் என்றது. நாலு சுவருக்குள் போலீசைத் தவிர வேறு சாட்சி ஏது? நாற்பது ஆண்டு ஆயிற்று. சாட்சியச் சட்டத்தையே புதிதாக எழுதி 2024 ஜூலையில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த ஒரு வரிக்கு அதிலும் இடம் கிடைக்கவில்லை. ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் பாலமும் தடுப்பணையும் கேட்கிறீர்களே, இதையும் கேளுங்கள்.

‘போலீஸ் கையைக் கட்டிப் போட்டால் ரவுடி ராஜ்யம் ஆகிவிடும்’ என்பார்கள். இது சும்மா சொல்கிற வாதமில்லை. அரிவாளை ஓங்கி வருகிறவன் முன்னால் நிற்கும் காவலர் பல்லைக் கடித்துக்கொண்டு சட்டப் புத்தகம் தேட முடியாது. அவருக்கும் உயிர் உண்டு, பிள்ளைகள் உண்டு. அதனால்தான் சமமான சட்டம் வேண்டும் என்கிறேன். உங்களுக்கும் எனக்கும் உள்ள தற்காப்பு உரிமை முழுவதும் அவருக்கும் இருக்கிறது. அதைக் கோர்ட்டில் சொல்லட்டும். 2014 அக்டோபரில் எஸ்.பி.பட்டினம் ஸ்டேஷனில், விசாரணைக்குக் கொண்டுபோன இளைஞர் உதவி ஆய்வாளரின் துப்பாக்கிக் குண்டில் ஸ்டேஷனுக்குள்ளேயே இறந்தார். தற்காப்பு என்றது காவல் தரப்பு. அது கொலை வழக்காகி ராமநாதபுரம் நீதிமன்றத்துக்கு வந்தது, சாட்சிகள் விசாரிக்கப்பட்டார்கள். சுட்டவர் சொல்வது உண்மையா பொய்யா என்று பார்க்க வேண்டிய இடம் அதுதான். எஸ்.பி.யின் பத்திரிகைக் குறிப்பில் அதைப் பார்க்க முடியாது.

போலீசுக்கு வேறு சட்டம் என்பது நல்ல போலீசையும் கெடுக்கிறது. 2021 டிசம்பரில் கீழத்தூவல் போலீஸ் வாகனச் சோதனையில் பிடித்து விசாரித்து அனுப்பிய கல்லூரி மாணவர் ஒருவர் இறந்தார். விஷம் குடித்தார் என்றது போலீஸ். ஊர் நம்பவில்லை. உயர் நீதிமன்றம் மறு உடற்கூறாய்வுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. போலீஸ் சொல்வது உண்மையாகவே இருந்தாலும் நம்ப முடியாத நிலைமைக்கு ஊரைக் கொண்டுவந்தது யார்? முன்பு சொன்ன ஒவ்வொரு ‘வழுக்கி விழுந்தார்’ பொய்யும்தான்.

உச்ச நீதிமன்றம் 2011-ல் பிரகாஷ் கதம் வழக்கில் ஒரு படி மேலே போனது. சாதாரண ஆள் குற்றம் செய்தால் சாதாரணத் தண்டனை, காக்க வேண்டிய போலீசே செய்தால் அதைவிடக் கடுமையான தண்டனை, போலி என்கவுன்டருக்குத் தூக்கு என்றது. தூக்கில் எனக்கு உடன்பாடில்லை. எவர் கழுத்துக்கும் அது வேண்டாம். கூடுதலும் வேண்டாம், குறைவும் வேண்டாம். எனக்கு நேர்வது அவருக்கும் நேரட்டும், அதே வேகத்தில் நேரட்டும்.

வேகம் என்று சொன்னேனே, அதுதான் முக்கியம். தர்மபுரி மாவட்டத்து வாச்சாத்தி கிராமத்தில் அரசு ஊழியர்கள் நடத்திய வன்கொடுமை 1992 ஜூனில் நடந்தது. 269 அரசு ஊழியர்கள் மீது வழக்கு. 2011-ல் தீர்ப்பு வந்தபோது 54 பேர் செத்துப் போயிருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. 2023-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தொரு ஆண்டு. அந்த மலைக்கிராமத்துப் பெண்கள் விடாமல் சாட்சி சொன்னதால் அது நடந்தது. படிப்பு, பணம், சாதி பலம் எதுவும் அவர்களிடம் இல்லை. நம்மிடம் அதில் ஏதாவது ஒன்றாவது இருக்கிறது.

காவலர்களே, ஏட்டய்யாமார்களே, உங்களில் பெரும்பாலோர் கை நீட்டாதவர்கள். ஆனால் அடுத்த அறையில் அடி விழும் சத்தம் கேட்டபோது வாக்கி டாக்கியின் சத்தத்தைக் கூட்டியவர்கள் உங்களில் இருக்கிறார்கள். சாத்தான்குளம் ஸ்டேஷனில் 2020 ஜூன் 19 இரவு, பின்னர் இறந்துபோன தந்தையையும் மகனையும் விடிய விடிய அடித்தபோது அங்கே பணியில் இருந்தவர் தலைமைக் காவலர் ரேவதி. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டிடம், லத்தியிலும் மேசையிலும் இரத்தக் கறை இருந்ததைச் சொன்னார். வெளியே சக காவலர்கள் நின்றார்கள். அவர் பயந்தார், தயங்கினார். கையெழுத்துப் போட்டார். அந்த ஸ்டேஷனையே வருவாய்த் துறையின் பொறுப்பில் விடும்படி உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டிய அளவுக்கு நிலைமை போயிருந்த நேரம் அது. அந்தப் பெண் காட்டிய தைரியத்தில் பாதி போதும், உங்கள் துறையின் மானம் பிழைக்கும். மேலதிகாரி ‘நல்லா விசாரி’ என்று வாயால் சொல்வார், எழுதித் தர மாட்டார். எழுதித் தராத உத்தரவுக்கு உங்கள் லத்தியைத் தராதீர்கள். கூண்டில் நிற்கும்போது அவர் உங்கள் பக்கத்தில் நிற்க மாட்டார்.

மடப்புரத்தில் 2025 ஜூனில் நடந்ததும் அதுதான். காரில் இருந்த நகை காணோம் என்று ஒரு புகார், தனிப்படை, பத்ரகாளியம்மன் கோயில் காவலாளியின் உடலில் 44 காயங்கள். கைதானவர்கள் தனிப்படைக் காவலர்கள். வழக்கை முறைப்படி பதிவதற்கு முன்பே தனிப்படை யார் உத்தரவில் விசாரித்தது என்று உயர் நீதிமன்றம் கேட்டது. நகைப் புகார், விசாரிக்காமல் கொலை என்றதும் இதே வைகைக்கரை மதுரையின் பழைய கதை உங்களுக்கு நினைவு வரலாம். இளங்கோவடிகள் கதையில் கொலைக்களத்தில் நின்ற காவலர்களுக்குள்ளேயே ‘இவன் கள்வனாகத் தெரியவில்லையே’ என்று ஒரு தயக்கம் எழுகிறது. குடித்திருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான். அவன் பெயர் யாருக்கும் தெரியாது. அரசன் செத்தான், நகரம் எரிந்தது, வாள் வீசியவன் மறைந்துபோனான். அப்படி மறைந்துபோகும் வசதியை நாம் இனிமேல் யாருக்கும் தரக்கூடாது.

மடப்புரத்தில் அது நடக்காததற்குக் காரணம், கோயில் ஊழியர் ஒருவர் ஒளிந்து நின்று செல்போனில் படம் எடுத்தது. நாம் மாவுக்கட்டுப் படம் அனுப்பும் அதே கருவி.

இனி செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். உங்கள் தெருப் பையனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனால், எந்தச் சாதி, எந்த மதம் என்று பார்க்காமல் இரண்டு பேர் பின்னாலேயே போங்கள். கூட்டிப்போன நேரத்தை எழுதி வையுங்கள், பெயர்ப் பட்டையைப் படித்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியாக வேண்டும், அந்த மணியை எண்ணுங்கள். ரிமாண்டுக்கு முன் டாக்டர் பார்க்கும் அறிக்கையின் நகலைக் கேளுங்கள், அது கைதானவருக்கோ அவர் சொல்கிறவருக்கோ சட்டப்படி தர வேண்டியது. டாக்டர்களே, சட்டையைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள். நின்றபடி கையெழுத்துப் போடாதீர்கள். ஸ்டேஷன் கேமராப் பதிவு குறைந்தது ஓராண்டு இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. அழிவதற்கு முன், முதல் வாரத்திலேயே, அதை எழுத்தில் கேட்டுப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். சாவு நேர்ந்தால் ஆர்.டி.ஓ. விசாரணை போதாது. நீதித்துறை நடுவர் விசாரிக்க வேண்டும் என்பது சட்டம். மருத்துவமனை வாசலில் கட்சிக்காரர் ஒருவரும் அதிகாரி ஒருவரும் வந்து, ‘பேசி முடிச்சிக்கலாம்’ என்பார்கள். அப்போது ஜமாத் தலைவரும், கிராமத் தலைவரும், மீனவர் சங்கத் தலைவரும் அந்தக் குடும்பத்துக்கு முன்னால் நின்று ‘கேஸ் நம்பர் சொல்லுங்க’ என்று மட்டும் கேளுங்கள். நம்பர் வரும்வரை வேறெதுவும் பேசாதீர்கள்.